இராணுவ விடுப்பு (அமெரிக்க ஐக்கிய நாடு)

அமெரிக்க மத்திய அரசாங்கத்தில் சிவில் உத்தியோகம் வகித்துக்கொண்டே சேமப்படையிலோ தேசியக் காவற்படையிலோ அங்கம் பெற்றிருப்போர், குறுகிய காலப் படைப்பயிற்சிக்குச் செல்லுங்கால் சம்பள நஷ்டமின்றிப் பெறும் விசேஷ விடுப்பு இராணுவ விடுப்பு எனப்படும். அந்நாட்டுச் சட்டத் தொகுப்பில் 5-ஆம் தலைப்பின் 6323-ஆம் பிரிவு இதற்கு ஆதாரம்.

இதன் செலவை இரு நிதிக் கணக்குகள் ஏற்கின்றன: சிவில் சம்பளத்தை ஊழியரின் இலாகா தன் மானியத்திலிருந்தே வழங்க, படைச் சம்பளம் பாதுகாப்பு இலாகாவின் சேமப்படை ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது, சாதாரணப் பயிற்சியில் இரண்டையும் ஒருங்கே பெறத் தடையில்லை. சட்ட அமலுக்குத் துணைபுரிய அழைக்கப்படுவோருக்குரிய 22 வேலை நாள் விடுப்பிலோ, படைச் சம்பளம் சிவில் சம்பளத்தில் கழிக்கப்படும்.

நெடுங்காலம் நிதியாண்டுக்கு 15 நாள் என்றிருந்த இவ்விடுப்பில் இடைப்பட்ட சனி ஞாயிறும் கழிக்கப்பட்டமையால், ஒரு திங்களன்று தொடங்கி மறுவார வெள்ளியன்று முடியும் பயிற்சிக்கு 12 நாள் பற்றெழுதப்பட்டது. வேலையற்ற நாளுக்கும் விடுப்பை இழப்பித்த இவ்வநீதியை, 15 நாளை 120 மணியாக்கிய 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் களைந்தது. அதே பயிற்சிக்கு இனி 80 மணியே பற்று. பயன்படாத விடுப்பை, ஒரு வரம்புக்குட்பட்டு, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம். திருத்தத்திற்கு முந்தைய கழிவுகளும் சட்டத்திற்கு ஒவ்வாதவை என்று கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது.