குழாய்க்குத் தனிப் பிரதி

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிற பையன்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, மாஸ்டரிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்பதைத்தான். ஓசோன் வாங்கலாமா, வேவ்லேப் நல்லதா, ரீப்பரே போதுமா? பழனிசெட்டிபட்டியில் கேசட் பதிவுக் கடை நடத்தியவன் நான். டெக் இருந்த அதே மேசையில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. “பாட்டு எங்கே ஓடப்போகுது தம்பி?” என்று திருப்பிக் கேட்பேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒலி வேலை பார்த்த எல்லாரும் கேட்ட கேள்விதான் அது.

இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பாட்டு வந்து சேர்ந்தது குழாய் ஸ்பீக்கர் வழியாக. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, மற்ற மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மேடை மேடையாகப் பாடிய காலம் அது. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடினார். உடன் போன சிறுவன் ராசையாதான் பிறகு இளையராஜா. குழாயின் குணம் என்னவென்றால், அடித்தொனி அதில் ஏறாது. ஏற்றிப் பார்த்தால் யூனிட்டின் தகடு கிழியும். நடுத்தொனியும் மேல்தொனியும் மட்டும் காற்றில் வெகுதூரம் போகும். ஆர்மோனியமும் எடுப்பான குரலும் அதற்கென்றே அமைந்தவை.

இசைத்தட்டிலும் இதே கணக்கு உண்டு. அடித்தொனி கூடினால் வெட்டும் ஊசி அகலமாக ஆடும், பள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டும், தட்டில் நேரம் குறையும். அதனால் வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, மேல்தொனியைக் கூட்டிவிடுவார்கள். ஆம்ப்ளிஃபயர் அதை நேர்மாறாகத் திருப்பிக் கொடுக்கும். ஆளுக்கொரு கணக்காக இருந்த இந்த முறையை 1954-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஒரே அளவாக்கியது. மாஸ்டரிங் என்ற தொழில் பிறந்தது இந்த வெட்டும் மேசையில்தான். கல்கத்தா டம்டம் இசைத்தட்டு ஆலையில் தட்டு வெட்டியவர்கள் பெயர் உறையில் வந்ததில்லை. நாம் கேட்டு வளர்ந்த குரல்களுக்குக் கடைசி உருவம் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர்கள் பதிவாகாமல் போனது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை வெளியிட்டது. நம் ஊர்களில் அது பெருகியது எழுபதுகளின் கடைசியில், டூ-இன்-ஒன் பெட்டிகளோடு. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்திருந்தது. பண்ணைப்புரத்து இளையராஜா போட்ட பாட்டைக் கேட்க ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம். பாட்டு வரிசையைத் தாளில் எழுதிக்கொண்டு, வெற்றுக் கேசட்டோடு ஆட்கள் வருவார்கள். அறுபது அல்லது தொண்ணூறு. தொண்ணூறு என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் வரிசையை மாற்றுவோம். உரிமைக்காரர்களுக்கு இதில் ஒரு பைசாவும் போகவில்லை. 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகும் கடைகள் ஓடின. அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒலி வேலை அங்கே மனசாட்சியோடு நடந்தது. காலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்போம். ஹெட்டின் பக்கத்துத் திருகைச் சின்ன திருப்புளியால் ஒரு மயிரிழை திருப்பினால், மங்கிக் கிடந்த தாளச் சத்தம் பளிச்சென்று எழும்பும். பிறகு ஈக்வலைசர். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்கு, எஞ்சின் இரைச்சலைத் தாண்டி வார்த்தை கேட்க வேண்டும், மேல்தொனியை ஏற்றுவோம். டவுன் பஸ்ஸில் பின்சீட்டுக்கு மேலே பெட்டி ஸ்பீக்கர். அதற்கு அடித்தொனி வேண்டும். கோயில் மைக்செட்டுக்கு அடித்தொனியை வெட்டிவிட்டு நடுவைத் தூக்குவோம். மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் தொட்டாலும் நாடா தாங்கிக்கொள்ளும், ஒலி சற்றே தடிக்கும், அவ்வளவுதான். ஒரே பாட்டுக்கு இப்படி மூன்று கேசட், மூன்று ஒலி.

வீட்டிலேயே ஸ்டுடியோ என்பதற்குத் தமிழ்நாட்டில் பெரிய முன்னுதாரணம், ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கம் வீட்டில் கட்டிய பஞ்சதன். 1992-இல் ‘ரோஜா’ ஒலித்தபோது, அந்தத் துல்லியத்துக்குப் பின்னால் ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதரின் காது இருந்தது. எங்களைப் போன்றவர்கள் கைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது கிடைத்தது கூல் எடிட் என்ற சாஃப்ட்வேர்; 2003-இல் அடோபி அதை வாங்கி ஆடிஷன் ஆக்கியது. ஸ்டெயின்பெர்க்கின் வேவ்லேப் 1995-இலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வேவ்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எல்1 லிமிட்டர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து அமுக்கி, மொத்த ஒலியையும் அது மேலே தூக்கிவிடும். 2001-இல் ஓசோன் வந்து ஈக்வலைசர், கம்ப்ரெஸ்ஸர், லிமிட்டர் எல்லாவற்றையும் ஒரே பலகையில் வைத்தது. யார் பாட்டு அதிகச் சத்தம் என்ற போட்டி உலகமெங்கும் முற்றியது. மெட்டாலிகாவின் 2008-ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒலி நசுங்கிவிட்டதாக ரசிகர்களே கொதித்தார்கள். கம்ப்யூட்டரில் பூஜ்ய டெசிபலைத் தாண்டினால் நாடாவைப் போல் மன்னிப்பு கிடையாது, அலை மொட்டையாக வெட்டுப்படும்.

இப்போது போட்டிக்கே அர்த்தம் இல்லை. காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் உலகப் பொதுமுறை 2006-இல் வந்தது. அந்த அளவையில் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்ஸைத் தாண்டினால் யூடியூப் தானே குறைத்துவிடுகிறது. “அண்ணே, சவுண்டை நல்லாத் தூக்கிக் குடுங்க” என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

என்னைக் கேட்டால், தொடங்குகிறவனுக்கு ரீப்பர் போதும். விண்ஆம்ப் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் செய்தது. தனி ஆளுக்கு உரிமம் 60 டாலர். 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். அதோடு இலவசமாகக் கிடைக்கும் யூலீன் மீட்டர். மிச்சப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கச் சொல்வேன்.

அம்மன் பாட்டு கொண்டுவருகிறவர்களுக்கு இரண்டு பிரதி தருகிறேன். ஒன்று இணையத்துக்கு, மைனஸ் 14-இல். மற்றது குழாய்க்கு. அடித்தொனியை வெட்டி, இடமும் வலமும் சேர்த்து ஒற்றைத் தடமாக்கிய பிரதி. ஸ்டீரியோவில் அகலமாக விரித்த கீபோர்டு, மைக்செட்டில் இரு பக்கமும் ஒன்றாகும்போது ஒன்றையொன்று தின்று காணாமல் போகும். அதனால் மிக்ஸ் பண்ணும்போதே ரீப்பரின் மோனோ பட்டனை அழுத்தி, ஒவ்வொரு வாத்தியமும் நிற்கிறதா என்று கேட்டுவிடுவேன். உருமி ஒரு தடவை மங்கினாலும் மறுபடி மிக்ஸ்தான்.