மார்பக நலம் (வடசென்னை)

மார்பக நலம் என்பது, பெண்ணின் மார்பகத்தில் வயதுக்கும் மாதச் சுழற்சிக்கும் ஏற்ப நிகழும் இயல்பான மாற்றங்களை அறிந்திருப்பதும், இயல்புக்கு மாறானதைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுவதும் ஆகும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்பகுதிகளில் வாழும் பெண்களை முன்வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. அடையாறு புற்றுநோய் நிலையம் 1981இல் தொடங்கிய சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அந்த வரிசை மாறியது. 2022இல் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; சுமார் 6,70,000 பேர் இறந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 1,92,000 பேர், இறந்தவர்கள் சுமார் 98,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. இறப்பின் பங்கு உலக அளவைவிட இங்கே இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவதுதான்.

அமைப்பும் இயல்பான மாற்றங்களும்

ஒவ்வொரு மார்பகத்திலும் 15 முதல் 20 வரையிலான பால்சுரப்பி மடல்கள் உள்ளன. அவற்றிலிருந்து கிளம்பும் பால்நாளங்கள் காம்பில் முடிகின்றன. இடைவெளியைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. மார்பகத் திசுவின் ஒரு பகுதி அக்குள் வரை நீள்வதால், மார்பகத்தைக் கவனிப்பது என்றால் அக்குளையும் சேர்த்துக் கவனிப்பதாகும்.

மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு மார்பகம் கனத்து, வலித்து, தொட்டால் மணல்மணலாகத் தென்படுவது இயல்பு. மாதவிடாய் முடிந்ததும் அது தணியும். இரண்டு மார்பகங்களின் அளவில் சிறு வேறுபாடு இருப்பதும் பிறவியிலேயே காம்பு உள்வாங்கியிருப்பதும் நோயல்ல. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் மார்பகம் பருக்கும். மாதவிடாய் நின்றபின் தளரும்.

புற்றுநோயல்லாத தொல்லைகள்

மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. 15 முதல் 35 வயது வரை அதிகம் காணப்படுவது நார்ச்சுரப்பிக் கட்டி; தொட்டால் வழுக்கி நகரும். 35 வயதுக்கு மேல் நீர்க்கட்டிகள் மிகுதி. பாலூட்டும் தாய்மாருக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகுவதும், அதில் கிருமி சேர்ந்து காய்ச்சலுடன் சிவந்து வீங்குவதும், கவனிக்காவிட்டால் சீழ் வைப்பதும் உண்டு. இந்தியாவில் மார்பகக் காசநோயும் அரிதாகக் காணப்படுகிறது; ஆறாத புண்ணாகவோ சீழ் வடியும் கட்டியாகவோ அது வெளிப்படும்.

ஆனால் எந்தக் கட்டி எந்த வகை என்பதை வீட்டில் தொட்டுப் பார்த்து யாரும் தீர்மானிக்க முடியாது. தாயோ அண்டை வீட்டாரோ ஆறுதலாகச் சொல்லும் “அது வெறும் பால்கட்டிதான்” என்ற சொல் மருத்துவ முடிவாகாது.

மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகள்

மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வலியில்லாத கட்டியை விட்டுவிடுவதும் பரவலான வழக்கம். உயிருக்கு உலை வைக்கும் வழக்கம் இது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிட வேண்டும்.

• மார்பகத்திலோ அக்குளிலோ புதிய கட்டி, அக்குளில் நெறிகட்டு
• தோலில் குழி, சுருக்கம், ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு
• நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது
• பிழியாமலே காம்பிலிருந்து இரத்தமோ நீரோ வடிவது, குறிப்பாக ஒரு பக்கம் மட்டும்
• காம்பில் ஆறாத அரிப்பு, செதில், புண்
• மருந்துக்கும் அடங்காத சிவப்பும் வீக்கமும்
• ஒரு மார்பகத்தின் வடிவம் புதிதாக மாறுவது

இளம்பெண் ஒருவர் மாதவிடாய்க்கு முன் கட்டியை உணர்ந்தால், அந்த மாதவிடாய் முடியும்வரை பார்க்கலாம். அதன்பிறகும் இருந்தால் காட்ட வேண்டும். மாதவிடாய் நின்றவர்கள் எந்தப் புதிய கட்டிக்கும் காத்திருக்கக் கூடாது. பாலூட்டும் தாய்க்குக் காய்ச்சலுடன் மார்பு சிவந்தால், ஓரிரு நாளில் தணியாதபோது மருத்துவரிடம் போக வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மொத்த நோயாளிகளில் அவர்கள் ஏறத்தாழ 1 விழுக்காடு.

ஆபத்துக் காரணிகள்

பெண்ணாக இருப்பதும் வயது கூடுவதுமே முதன்மைக் காரணிகள். நோயுற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவ்விரண்டைத் தவிர வேறு குறிப்பான காரணி இருப்பதில்லை. ஆகவே “எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை” என்பது காப்பாகாது. பரம்பரை மரபணுக் குறையால் வருவது 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் நோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இளவயதில் பூப்பெய்துவது, மாதவிடாய் தாமதமாக நிற்பது, முதல் குழந்தை தாமதமாகப் பிறப்பது, மாதவிடாய் நின்றபின் உடற்பருமன், மது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பாலூட்டல் குறைக்கும்: ஒவ்வொரு 12 மாதப் பாலூட்டலுக்கும் ஆபத்து 4.3 விழுக்காடு குறைவதாக, 30 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் ஆலைப் புகையும் நிலக்கரித் தூசும் அன்றாடக் கவலைகள். வெளிக்காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது. அதன் முதன்மைச் சான்று நுரையீரல் புற்றுநோய் பற்றியது. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அதே முகமை 2007இலும் 2019இலும் வகைப்படுத்தியது. ஷிப்ட் முறையில் வேலை நடக்கும் இப்பகுதிக்கு அது பொருந்தும் செய்தி. அடிபடுவதாலோ உள்ளாடையாலோ புற்றுநோய் வருவதில்லை, அது தொற்றுவதுமில்லை.

தானே பார்த்தலும் கைப்பரிசோதனையும்

சீனாவின் ஷாங்காய் நகரில், நெசவாலைத் தொழிலாளர்களான 2,66,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. முறைப்படி மார்பகச் சுயபரிசோதனை கற்றவர்களிடமும் இறப்பு குறையவில்லை; தேவையற்ற பயாப்சிகள் (திசு எடுத்துச் சோதித்தல்) கூடின. எனவே மாதாமாதம் சடங்குபோல் தடவிப் பார்ப்பதைவிட, குளிக்கும்போதும் உடுத்தும்போதும் தன் உடலின் இயல்பை அறிந்து வைத்துக்கொண்டு மாற்றத்தை உடனே காட்டுவதே பயன் தரும்.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு நம் சூழலுக்கு நெருக்கமானது. குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. விலையுயர்ந்த கருவி இல்லாமலே உயிர் காக்கலாம் என்பதற்கு இது சான்று. 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய கைப்பரிசோதனை என்பது 2016 முதல் இந்திய அரசின் நெறிமுறை.

வடசென்னையில் எங்கே செல்வது

முதல் படி, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். செவிலியர் அங்கே கையால் பரிசோதித்து, தேவையானால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

அடுத்தது, பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய தலைமுறை அழைத்த இவ்விடத்தில் 1938 முதல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இராயபுரத்துப் பெண்களுக்குப் பிரசவத்தால் பழகிய ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை அதனுடன் இணைந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 1934இல் திறக்கப்பட்ட பர்னார்ட் கதிரியக்க நிலையம் உள்ளது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதால், திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலுக்கு மாறாமல் போகலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் ஏழைகளை ஏற்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பங்களுக்குப் புற்றுநோய் சிகிச்சை திட்டத்தில் அடங்கும். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

புறநோயாளிப் பிரிவு காலையில்தான் நடக்கும். விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடை சுமப்பவருக்கும் ஆலை வேலைக்குப் போகிறவருக்கும் அது ஒரு நாள் கூலி இழப்பு. அந்த ஒரு நாளைக் குடும்பத்தார் அவருக்கு ஒதுக்கித் தர வேண்டும்.

நோயறிதலும் சிகிச்சையும்

மருத்துவர் கையால் பார்ப்பது, ஸ்கேன், ஊசி வழி பயாப்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு தரும். இளம்பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட், 40 வயதுக்கு மேல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) என்பது பொதுவான முறை. ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற அச்சம் தவறு. புற்றுநோய் உறுதியானால், ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2 புரதத்தையும் சோதித்து சிகிச்சை வகுப்பார்கள்: அறுவை, கீமோ, ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை. சிறிதாக இருக்கும்போதே கண்டால், மார்பகத்தை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்க இயலும்.

நோயாளிகளில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரைத் தொடக்க நிலையிலேயே கண்டறிவது, முதன்முறை மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் நோயறிதலை முடிப்பது, 80 விழுக்காட்டினர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாமல் முடிக்கச் செய்வது என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் இலக்குகள். நோயறிந்த பிறகு நாட்டு மருந்தை நம்பியோ, கீமோ தரும் களைப்புக்கு அஞ்சியோ இடையில் நின்றுவிட்டால், தொடக்கத்திலேயே கண்டுபிடித்ததன் பயன் போய்விடும். பயாப்சி முடிவை நேரில் சென்று வாங்குவதும், சொன்ன தேதியில் மறுபடி போவதும் சிகிச்சையின் பகுதியே.