கடல் கடந்த ஓதற்பிரிவு

தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக எண்ணினார் தொல்காப்பியர். கல்வியின்பொருட்டுப் பிரியும் காலம் மூன்றாண்டுகளைக் கடத்தலாகாது என எல்லையும் வகுத்தார். எனினும், பொருள்வயிற் பிரிவுக்குச் சங்கப் புலவர்கள் தந்த இடத்தை ஓதற்பிரிவு பெற்றதில்லை. அவர்கள் பாடாது விட்ட அப்பிரிவின் துயரையும் பெருமையையும் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்து காட்டியவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன். அவர் கேம்பிரிட்சுக்குப் புறப்பட ஆயத்தமான வரலாறு அண்ணாமலையின் அயலிலுள்ள ஓர் ஊரிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

கோவலூரில் திறந்த கதவு

கபிலரோடும் மலையமானோடும் இணைத்துப் பேசப்படும் திருக்கோவலூர், திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அக்காலத்தில் இவ்விரண்டு ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1896-இல் பள்ளிப்படிப்பைத் துறந்து மதுரையிலிருந்து வந்த பதினாறு வயதுச் சிறுவர் வேங்கடராமன், இக்கோவலூர் வழியாகவே அண்ணாமலையை அடைந்து, பின்னாளில் இரமணர் எனப் பெயர் பெற்றார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1910-இல், கல்லூரித் தேர்வில் தோற்றுப் பிழைப்புத் தேடி அவ்வூருக்கு வந்தார் இராமானுசன்.

இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் நிறுவிய வி. இராமசுவாமி ஐயர் அப்போது அங்கே துணை ஆட்சியராக இருந்தார். வந்தவர் வேண்டியது ஓர் எழுத்தர் பணியே. அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயரோ, இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைநிலைப் பணியில் புதைக்க மனமின்றி, சென்னை அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். அக்கடிதத்தால் அமைந்த தொடர்புகள் இராமானுசனைச் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியமுள்ள பணிக்குக் கொண்டு சேர்த்தன. அங்கிருந்தே 1913 சனவரி 16-இல் ஆர்டிக்கு அவர் மடல் எழுதினார்.

புறப்பாட்டின் விலை

ஆர்டியின் முதல் அழைப்பை இராமானுசன் ஏற்கவில்லை. கடல் கடத்தல் குலவழக்குக்கு முரணாகக் கருதப்பட்ட காலம் அது. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்சு அறிஞர் நெவில் சென்னைக்கு வந்தபோது தடை நீங்கியிருந்தது. நாமகிரித் தாயார் தாயின் கனவில் தோன்றி ஆணையிட்டாள் என்பது நெவில் தரும் செய்தி. இராமானுசனே நாமக்கல் சென்று கோயிலில் தங்கி உத்தரவு பெற்றார் என்பது மற்றொரு வழக்கு. இரண்டிலும் ஓர் உண்மை விளங்குகிறது: பல்கலைக்கழகத்தின் இசைவைவிட இல்லத்தின் இசைவே அன்று அரிதாயிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் வழங்கியது. அத்தொகையில் 50 பவுன் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. பின்னர் ஆயத்தங்கள் தொடங்கின. மேனாட்டு உடை தைக்கப்பட்டது. முள்கரண்டியும் கத்தியும் கொண்டு உண்ணும் பழக்கம் கற்பிக்கப்பட்டது. தாயையும், பதினைந்து வயது நிறையாத மனைவி சானகியையும் கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பினார் இராமானுசன். அதன் பின்னரே குடுமி களையப்பட்டது. அக்கோலத்தை அவர்கள் காணலாகாது என்று அவர் எண்ணியதில், எந்தக் கணக்கிலும் அடங்காத வேதனை அடங்கியிருக்கிறது. 1914 மார்ச்சு 17-இல் நெவாசா என்னும் கப்பல் சென்னையை விட்டு நீங்கியது.

ஆயத்தத்தில் விடுபட்டவை

ஏப்பிரல் 14-இல் இலண்டனை அடைந்தவரை நெவில் வரவேற்றுத் தம் இல்லத்தில் தங்கவைத்தார். ஆகத்து மாதத்தில் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவன்றி வேறு கொள்ளாத இராமானுசன் தம் அறையில் தாமே சமைத்துண்டார். குளிரால் அவர் வருந்துவதைக் கண்ட மாணவர் மகலனோபிசு காரணம் ஆராய்ந்தபோது, படுக்கையின்மேல் விரித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் புகுந்து உறங்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை எனத் தெரிந்தது. உடையும் உணவுமுறையும் கற்பித்தவர்களுக்கு உறங்கும் முறையைக் கற்பிக்கத் தோன்றவில்லை!

1916-இல் பட்டம், 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதி, அவ்வாண்டிலேயே திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வறிஞர் பதவி எனப் புகழ் வளர்ந்தது. 1917 முதல் நோயும் உடன் வளர்ந்தது. 1919 மார்ச்சு 27-இல் அவர் பம்பாயில் வந்திறங்கியபோது, தொல்காப்பியர் வகுத்த மூன்றாண்டு எல்லை கடந்து மேலும் ஈராண்டுகள் ஆகியிருந்தன. 1920 ஏப்பிரல் 26-இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சானகி அம்மையார் 1994-இல் மறைந்தார்.

இராமானுசனின் சூத்திரங்களை உலகம் போற்றுகிறது. அவற்றுக்காக அக்குடும்பம் ஏற்ற பிரிவைப் போற்றிப் பாடுதல் புலவர் கடன். இன்றும் பிள்ளைகளை அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வழியனுப்பும் இல்லங்களில் பெட்டிகள் நிறைகின்றன, சான்றிதழ்கள் சரிபார்க்கப்படுகின்றன. பெட்டியில் அடங்காதவற்றையும் எண்ணிப் பார்க்கச் செய்வது இவ்வரலாறு. சங்கப் புலவர்கள் பாடாது விட்ட ஓதற்பிரிவு, இக்காலக் கவிஞர்களுக்கெனக் காத்திருக்கும் பாடுபொருளாகும்.