பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவையும் வர்க்க வேறுபாடும்

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா தன் வர்க்க வேறுபாடுகளைக் குறைக்க முயன்றது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரச பாடசாலைகளில் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. 1948இல் தேசிய சுகாதார சேவை தோன்றியது. சட்டங்கள் மாறின; மாந்தர் மனமும் மாறிற்றா? இவ்வினாவுக்கு அடுத்து வந்த தொலைக்காட்சி நகைச்சுவை நாடகங்கள் தக்க சான்று பகர்கின்றன.

ரே கால்ற்றன், அலன் சிம்சன் ஆகிய இருவரும் எழுதிய ‘ஸ்ரெப்ரோ அன்ட் சன்’ 1962இல் பி. பி. சி. யில் தொடங்கியது. குதிரை வண்டியிற் சென்று பழம்பொருள் சேர்த்து விற்கும் தந்தையும் மகனுமே அதன் பாத்திரங்கள். நூலும் இசையும் பயின்று உயர விழைகின்றான் மகன். தந்தையோ அவனைப் போகவிடாது பற்றி நிற்கின்றார். 1964 ஒக்ரோபர் 15ஆந் திகதி பொதுத்தேர்தல் நாளன்று மாலை இந்நாடகம் ஒளிபரப்பாகவிருந்தது. தொழிலாளர் வாக்களிக்கச் செல்லாது வீட்டிலிருந்துவிடுவர் என அஞ்சிய தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன், நேரத்தை மாற்றுமாறு வேண்டினார், பி. பி. சி. யும் இசைந்தது. அத்தேர்தலில் அவர் கட்சி 4 ஆசனப் பெரும்பான்மையால் வென்றது. உழைக்கும் மக்கள் தம்மையே அந்நாடகத்திற் கண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1968 முதல் 1977 வரை ஒளிபரப்பான ‘டாட்ஸ் ஆமி’ போர்க்கால ஊர்காவற் படையைப் பற்றியது. வங்கி முகாமையாளரான மானரிங் படைத்தலைவர்; அவரின் கீழ்ப் பணிபுரியும் வில்சன் சார்ஜன்ட். பதவியிற் தாழ்ந்த வில்சனோ குடிப்பிறப்பில் உயர்ந்தவர். தன் முயற்சியால் மேலெழுந்தவர், முயலாமலே மேன்மை பெற்றவரைக் கண்டு பொருமுகின்றார். 1975இல் வந்த ‘போல்ரி ரவர்ஸ்’ நாடகத்தின் முதற் பகுதியிலே, விடுதி நடத்தும் பசில் போல்ரி எளிய விருந்தினரை இகழ்ந்து, ‘பிரபு’ ஒருவரைப் பணிந்து போற்றுகின்றார். அப்பிரபு ஈற்றில் வெறும் ஏமாற்றுக்காரராக வெளிப்படுகின்றார்.

இம்மூன்றையும் ஒப்புநோக்கின் ஓருண்மை புலனாகும். நகைப்புக்கு ஆளாவோர் ஏணியின் உச்சியிலுள்ளாரல்லர்; ஏற முயன்று இடையில் நிற்போரே. எனினும் அந்நகைப்பிலே பரிவும் கலந்துள்ளது. இடர் வந்தவிடத்து மானரிங் அஞ்சாது முன்னிற்கும்போது, அவரைப் பார்த்துச் சிரித்தவர்களே அவரை மதிக்கின்றனர். சட்டம் கதவைத் திறந்துவிடலாம். ஆயின் உட்புகுவோன் கூச்சமின்றி நிமிர்ந்து நிற்றற்குச் சட்டம் மட்டும் போதாது. பிரித்தானியர் சிரித்துச் சிரித்து ஒப்புக்கொண்ட உண்மை இதுவேயாகும்.