நீரு

திருநெல்வேலிப் பக்கம் முன்னிலையில் பேச மூன்று படி உண்டு: நீ, நீரு, நீங்க. நடுப்படிதான் எங்கள் சொத்து. "என்னவே, எப்ப வந்தீரு?", "இரும்வே, காப்பி குடிச்சிட்டுப் போலாம்." மச்சினன்மாரும் பக்கத்துக் கடைக்காரர்களும் சம்பந்தக்காரர்களும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அதில் மரியாதை உண்டு, ஒட்டுதலும் உண்டு.

என் தாத்தா அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலைக் கணக்கு எழுதியவர். மருமகன் படியேறினால் "வாரும் மாப்ளே" என்பார். நிலத்தகராறு முற்றிய சமயம் அதே மருமகனை "வாங்க, உக்காருங்க" என்றார். வெளியூர்க்காரர் காதுக்கு மரியாதை கூடியது போலத்தான் இருக்கும். எங்கள் அத்தை அடுக்களைக்குள் போய் அழுதாள். 'லே' என்ற விளியும் அப்படித்தான். கூட்டாளி சொன்னால் பாசம். பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் சொன்னால் கைகலப்பு.

ஒரு காலத்தில் பலரைக் குறித்த 'நீர்', பிறகு ஒருவருக்கு மரியாதையாக வந்தது. அதற்கும் மேலே 'நீங்கள்' ஏறி உட்கார்ந்ததும் பல ஊர்களின் பேச்சில் 'நீர்' உதிர்ந்துபோயிற்று. தாமிரபரணிக் கரையும் நாஞ்சில் நாடும் விடவில்லை. யாழ்ப்பாணத்திலும் அது உண்டு. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிள்ளை கடவுளிடமே 'நீர்' போட்டுத்தான் பேசுகிறார். நெல்லைக்காரனுக்கு அதில் துடுக்கு தெரியாது, சிநேகம்தான் தெரியும்.

இன்னொரு இடத்தில் அதே சொல் மண்டியிடுகிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி ரேனியஸ் 1826இல் ஊசிக்கோபுரத்துக் கோயிலைக் கட்டினார். அத்தகைய கோயில்களில் வாசிக்கும், ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தில் ஆண்டவர் 'நீர்'தான். இன்றும் ஜெபத்தில் 'நீங்க' என்றால் பலருக்கு நாக்கு கூசும். காப்பிக்கடை பெஞ்சில் தோழனுக்குச் சொன்னதை, தெரு தாண்டிக் கோயிலுக்குள் போய்க் கடவுளுக்குச் சொல்கிறார்கள். இரண்டும் சரியாகவே இருக்கிறது.

சினிமா எங்களிடமிருந்து 'ஏலே'யை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. 'நீரு' இருப்பதே வெளியே தெரியவில்லை.

ஆனால் அந்த நடுப்படியில் எல்லாரையும் நிற்க விட்டோமா? பெண்களுக்கு 'வே' கிடையாது. வயலில் நாற்றுமுடி சுமந்த அறுபது வயதுக்காரரைப் பண்ணைவீட்டுப் பொடியன் 'நீ' என்றான். அவர் அந்தப் பொடியனை 'ஐயா' என்றார். அந்த இருவருக்கும் நடுவே 'நீரு' ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் படித்து வாத்தியாராகவும் வங்கி அலுவலராகவும் வந்து 'நீங்க' என்பதைக் கேட்டு வாங்கினார்கள். வாங்கியதை ஒரு படி இறக்கி 'நீரு' ஆக்கிக்கொள்ள அவர்களுக்கு என்ன அவசியம்?

அந்தச் சொல் தேய்வது எனக்கு வருத்தம்தான். என் வயசுக் கூட்டாளிகளோடு இன்னும் 'நீரு'தான் பேசுகிறேன். அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் எதிரே வந்தால், அவராக என்னை 'நீரு' என்று கூப்பிடும்வரை, நான் 'நீங்க'தான்.