கங்கைகொண்டான்: ஒரு சிற்றூரின் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன தலைநகரங்களும் போர்க்களங்களுமே. சிற்றூருக்கும் வரலாறு உண்டோ என்று ஐயுறுவாரும் உளர். நம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கங்கைகொண்டான் என்னும் ஊரை எடுத்துக்கொண்டு, அவ்வையத்திற்கு விடை காண முயல்வோம்.

நெல்லையிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், சிற்றாற்றின் கரையில் அமைந்தது இவ்வூர். சிற்றாறு குற்றால மலையில் தோன்றித் தென்காசி வழியாகக் கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரியருகே தாமிரபரணியுடன் கலக்கிறது. கங்கைகொண்டானோ அவ்வாற்றின் கடைப்பகுதியில் உள்ளது. மேலேயுள்ள அணைக்கட்டுகளும் கால்வாய்களும் குளங்களும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே நீர் இவ்வூரை எட்டும். குற்றாலத்தில் சாரல் பொய்த்தால் இங்கே கார் நெல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் பிசான நெல்லும் இல்லை. ஆற்றை விட்டுச் சற்றே விலகினால் கரிசலும் முட்காடும் பனையும் எதிர்ப்படும். ஒரு கால் வயலிலும் மறு கால் வானம் பார்த்த பூமியிலும் ஊன்றி நிற்கும் ஊர் என்று இதனைச் சொல்லலாம்.

ஊரின் பெயரோ மிகப் பெரியது. முதலாம் இராசேந்திர சோழன் கி.பி. 1023-ஐ ஒட்டித் தன் படையை வடக்கே செலுத்திக் கங்கை நீரைக் கொணரச் செய்தான். கங்கைகொண்ட சோழன் என்று புகழப்பெற்றான். படை கங்கைக்குச் சென்றதேயன்றி மன்னன் சென்றிலன் என்பதும், அவன் கோதாவரிக் கரையில் காத்திருந்தான் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கவை. அதற்கு முன்னரே பாண்டிய நாடு சோழர் கையில் இருந்தது. தன் மகனுக்குச் சோழ பாண்டியன் என்னும் பட்டம் சூட்டி மதுரையில் அமர்த்தியவனும் இராசேந்திரனே. சோழர் தாம் வென்ற நாட்டில் ஊர்களுக்குத் தம் பெயரைச் சூட்டினர். சேரன்மாதேவி நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் ஆயிற்று. அவ்வரிசையிற் சேர்ந்ததே கங்கைகொண்டான் என்னும் பெயரும். இங்குள்ள கைலாசநாதர் கோயிலை எழுப்பியவனும் அம்மன்னனே என்பது ஊர் வழக்கு. சேரன்மாதேவியில் சோழப் பெயர் வழக்கொழிந்தது, கோட்டாற்றிலும் அவ்வாறே. பின்வந்த பாண்டியரும் நாயக்கரும் நவாபும் கும்பினியாரும் ஆண்டு மறைந்தபின்னும், கங்கையைக் காணாத மன்னனின் கங்கைப் பட்டம் சிற்றாற்றங்கரையில் நிலைத்து நிற்கிறது!

இனி, அந்நாளில் இவ்வட்டாரத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? விடை எளிதன்று. நம் கல்வெட்டுகள் பெரும்பாலும் கொடையைச் சொல்வன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்காக 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன என்று பல ஊர்க் கல்வெட்டுகளிற் படிக்கிறோம். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாவாமலும் மூப்படையாமலும் இருக்குமா? இராது. குறைந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, எண்ணிக்கையைக் காத்து, நாள்தோறும் நெய் அளக்க வேண்டியவன் இடையன். கொடையாளியின் பெயர் கல்லில் உள்ளது. கோடையில் அவ்விடையன் மந்தையை எங்கே ஓட்டிச் சென்றான், என்ன உண்டான் என்பது கல்லில் இல்லை.

இங்கே பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். பிரனீஸ் மலைச்சாரலில் மோந்தாயூ என்னும் ஊர் உள்ளது. 1318 முதல் 1325 வரை ஜாக் ஃபூர்னியே என்னும் ஆயர், சமயக் கொள்கையில் ஐயத்துக்குரியோரை அழைத்து விசாரணை நடத்தினார். மோந்தாயூவின் குடியானவரும் ஆட்டிடையரும் அளித்த வாக்குமூலங்களை எழுத்தர் வரி விடாமல் எழுதிவைத்தனர். அவ்வேட்டைக் கொண்டு லெ ராய் லதுரீ என்னும் வரலாற்றறிஞர் 1975-இல் ஒரு நூல் இயற்றினார். அம்மக்கள் ரொட்டியும் முட்டைக்கோசும் பாலடைக்கட்டியும் உண்டதையும், பெண்டிர் வாயிற்படியில் வெயிலில் அமர்ந்து பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசியதையும், இடையர் மந்தையுடன் மலை கடந்து சென்று திரும்பியதையும் இன்று நாம் அறிகிறோம். அம்மக்களுக்கு அவ்விசாரணை கொடுந்துன்பமே. ஆயினும் எளியவரின் அன்றாடம் ஏட்டில் ஏறியது அதனால்தான். பெரும்பாலும் வழக்கோ விசாரணையோ எழும்போதுதான் சிற்றூர் வாழ்க்கை எழுத்தில் அகப்படுகிறது.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. இதே வட்டாரத்திலுள்ள மானூரில் கி.பி. 800-ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபையில் அமரத் தகுதியுடையோர் யாவர் என்று வரையறுப்பதுடன், கூட்டத்தில் எடுத்ததற்கெல்லாம் மறுப்புச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் என்றும் அது விதிக்கிறது. அத்தகையோர் சிலர் மானூரில் இருந்திராவிடில் இவ்விதி எழுந்திராது! ஆசிரியர் கூட்டங்கள் பலவற்றில் இக்கல்வெட்டு என் நினைவுக்கு வந்ததுண்டு.

அன்றாட வாழ்வை இதனினும் நெருங்கிக் காட்டுவது முக்கூடற்பள்ளு. 17-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இந்நூலின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. முக்கூடல் என்பது சிற்றாறு தாமிரபரணியோடு கூடும் சீவலப்பேரிப் பகுதியே. கங்கைகொண்டானைக் கடந்து செல்லும் நீர் அடுத்து அடையும் இடம் அது. ஆற்றில் புதுவெள்ளம் வருவதும், நெல்வகைகளின் பெயர்களும், மாட்டு வகைகளும், ஏரின் உறுப்புகளும், மீன்களும் அந்நூலில் நிரம்பிக் கிடக்கின்றன. இரு மனைவியரின் பூசலும் நகைச்சுவையும் உண்டு. ஆனால் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் பகுதியைச் சிரித்துக்கொண்டே படித்துச் செல்லுதல் ஆகாது. நிலத்தை உழுதவனுக்கு அந்நிலம் உரியதன்று என்பதையும், அவன் உடலே பண்ணைக்கு அடங்கியிருந்தது என்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறது. மன்னர் பெயரைத் தாங்கிய ஊர்களைச் சோறூட்டிக் காத்தவர் இவரே.

பெருவழியில் அமைந்தமையால், கடந்து செல்வோரை இவ்வூர் என்றும் கண்டுகொண்டே இருந்தது. வடக்கே அடுத்துள்ள கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 19-ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தது. 1911 சூன் 17 காலையில் ஆட்சியர் ஆஷ் நெல்லையில் ஏறிச் சென்ற புகைவண்டி, கங்கைகொண்டான் வழியாகவே மணியாச்சியை அடைந்தது. அங்கே வாஞ்சிநாதனின் துப்பாக்கி வெடித்தது.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மாறுதல் இவற்றினும் ஆழமானது. 1949-இல் அண்டையூராகிய தாழையூத்தில் சிமெண்டு ஆலை தோன்றியது. பின்னர்க் கங்கைகொண்டானிலேயே சிப்காட் தொழில் வளாகம் அமைந்தது. டயர் ஆலை வந்தது. 2024-இல் சூரிய மின்கல ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. ஏரைப் பிடித்தவரின் பேரப்பிள்ளைகள் முறைமாற்று வேலைக்குப் பேருந்தேறுகின்றனர். கூலிக்காகப் பண்ணைக்காரன் முற்றத்தில் நிற்கவேண்டாத வாழ்வு ஒரு பெரும்பேறு என்பதை மறுப்பதற்கில்லை. இதற்கிடையே, எஞ்சிய முட்காட்டில் 288.40 ஹெக்டேர் நிலப்பரப்பு 2013-இல் புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகில், இடையர்கள் ஒருகாலத்தில் மந்தை ஓட்டிய அதே வகை நிலத்தில், மான்கள் மேய்கின்றன.

ஆலைக்கும் நீர் வேண்டும். இவ்வளாகத்திலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் தருவதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. பாசனமும் குடிநீரும் குறையும் என்றனர் மனுதாரர். கடலிற் கலக்கும் உபரிநீரே தரப்படுகிறது என்றது அரசு. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அவ்வழக்கு முடிந்தது. எனினும், வரலாறு பயில்வோர் 'உபரி' என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. ஆண்டுக் கணக்கில் உபரி என்று தோன்றுவது மாதக் கணக்கில் அவ்வாறு தோன்றாது. கார்த்திகையில் மறுகால் பாயும் குளம் சித்திரையில் வெடித்துக் கிடக்கும். கடைமடையிலுள்ள உழவர் நீரை மாதக் கணக்கிலேயே அளக்கின்றனர். நாளை இவ்வூரின் வரலாற்றை எழுதப் புகுவோர், கைலாசநாதர் கோயிற் கல்லோடு இவ்வழக்கின் கட்டுகளையும் பிரித்துப் பார்ப்பர். ஃபூர்னியேயின் ஏட்டைப் போலவே, அவற்றிலும் குடியானவரின் சொற்கள் ஏறியிருக்கின்றன.