மோட்டார்ப் பட்டறையும் பள்ளிக்கூடமும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே, பெர்தா பென்ஸ் என்னும் மாதரசி தம் புதல்வர் இருவருடன் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஏறிப் புறப்பட்டார். வண்டியை இயற்றிய கணவர் கார்ல் பென்சுக்கு அப்பயணம் முன்கூட்டித் தெரியாது. போகவேண்டிய இடம் பிஃபோர்ஸ்ஹைம்; தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். அத்துணைத் தூரம் அதற்குமுன் எந்த மோட்டார் வண்டியும் ஓடியதில்லை.

வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்தா தம் தொப்பியிற் செருகியிருந்த நீண்ட ஊசியால் அதனைக் குத்தித் துப்புரவு செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். எரிபொருள் தீரவே வீஸ்லொக் என்னும் ஊரில் மருந்துக்கடையொன்றில் வாங்கி ஊற்றினார். சங்கிலியைச் செப்பனிட்டவர் ஒரு கொல்லர். தேய்ந்துபோன தடைக் கட்டைகளுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர் ஒரு செருப்புத் தொழிலாளி.

மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலின் முதல் அத்தியாயம் இதுவே எனலாம். அத்தொழிலுக்கென்று பள்ளியுமில்லை, பெயருமில்லை. மருந்துக்கடைக்காரர், கொல்லர், தோல் தைப்பவர் ஆகிய மூவரின் உதவியும், ஒரு பெண்ணின் சமயோசித அறிவுமே போதியனவாயின. அக்கால வண்டியின் பழுதுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவன என்பதே அதற்குக் காரணம். அடைத்த குழாய் அடைத்தே தோன்றும். அறுந்த சங்கிலி அறுந்தே கிடக்கும்.

பழுது கண்ணுக்கு மறையத் தொடங்கியது மின்சாரத்தினாலேதான். அவ்வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் றொபேட் பொஷ். ஊல்ம் நகரில் நுண்கருவித் தொழில் பயின்றபோது, குரு ஒன்றையும் ஒழுங்காகக் கற்பிக்கவில்லையென்ற மனக்குறை அவருக்கு நெடுநாள் இருந்தது. 1886இல் ஸ்ருட்காட் நகரில் சிறு பட்டறையொன்றைத் திறந்தார். 1897இல் அவருடைய காந்தப் பொறிக்கருவி முதன்முறையாக மோட்டார் வண்டியொன்றிற் பொருத்தப்பட்டது. 1902இல் அவரிடம் பணியாற்றிய கொட்லொப் ஹொனொல்ட் என்பவர் உயரழுத்தக் காந்தக் கருவியையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். தாம் பெறாத கல்வியைப் பிறராவது பெறட்டும் என்று எண்ணினாற்போல, பொஷ் 1913இல் தம் தொழிற்சாலையிலே பயிலுநருக்கென்று தனிப் பட்டறை அமைத்தார்.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் மெக்கானிக்கின் கலை செவியிலும் விரல்நுனியிலும் வாழ்ந்தது. பட்டறைகளில் 'பொயின்ற்' என வழங்கும் தொடுமுனைகளின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். அது குறைந்தால் வண்டி ஒருவிதமாக இருமும். கூடினால் வேறுவிதமாக இருமும். தேர்ந்த கைக்காரர் அந்த இருமலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். உருக்குத் தகட்டைச் செருகி அளப்பது பெரும்பாலும் தம் செவியை உறுதிப்படுத்திக்கொள்வதற்கே.

ஆனால் இக்காலத்திலேயே தொழில் இரண்டாகப் பிரிந்தது. எஞ்சினைத் திறப்பவர் ஒருவர், கம்பியைத் தொடுபவர் இன்னொருவர் என்றாயிற்று. 1921இல் ஹம்பேர்க் நகரில் பொஷ் கருவிகளுக்கென்றே முதற் பழுதுபார்ப்பு நிலையம் தோன்றியதும் இப்பிரிவின் அடையாளமே. ஜேர்மனியில் மோட்டார் மெக்கானிக் என்றும், மோட்டார் மின்தொழிலாளர் என்றும் வெவ்வேறு தொழில்கள் அமைந்தன. எனினும் இருவரும் கற்ற முறை ஒன்றே. வாரத்திற் பெரும்பகுதி பட்டறையில்; ஓரிரு நாள் தொழிற்பள்ளியில். கணக்கு, பௌதிகம், வரைபடம் ஆகியவற்றைப் பள்ளியிற் கற்றனர். பட்டறையில் முதற்பாடம் அரம். ஓர் இரும்புக் கட்டியைச் சமதளமாகும்வரை அராவிக்கொண்டே இருப்பது இளைஞருக்குச் சலிப்பூட்டும் வேலைதான். 1969ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தியது.

இம்முறை இலங்கைக்கும் வந்தது. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. பலர் கையிலிருந்த பஸ்கள் ஒரே சபையின் பொறுப்பாயின. அவற்றை ஓட்டச் சாரதிகள் இருந்தனர்; ஓடும் நிலையில் வைத்திருக்கப் பயிற்சிபெற்ற கைகள் போதவில்லை. அந்நிலையில் மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் 1959இல் வேரஹரவில் தொடங்கிய பயிற்சி நிலையமே, பின்னாளில் மொறட்டுவைக்கு இடம்மாறி, இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது.

இதற்கிடையே வண்டியின் உள்ளே பெரிய மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1967இல் வொக்ஸ்வாகன் 1600 வண்டியில் காபுரேற்றருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டுடன் எரிபொருள் பீச்சும் பொஷ் அமைப்பு இடம்பெற்றது. 1978இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் தடைக்கருவி வந்தது. 1986இல், வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான 'கான்' என்னும் இணைப்பு முறை அறிமுகமாயிற்று. 1996 முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் தம் பழுதைத் தாமே குறியீட்டெண்ணாற் கூறவேண்டும் என்பது விதியாயிற்று.

வண்டியே நோயைச் சொல்லிவிட்டால் வைத்தியருக்கு என்ன வேலை என்று அன்று பலர் எண்ணினர். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைப் 'பி 0171' என்னும் குறியீடு ஒன்றே காட்டும். எரிகலவையில் எரிபொருள் குறைவு, காற்று மிகுதி என்பதே அதன் பொருள். காற்று ஏன் மிகுந்தது என்று அது கூறுவதில்லை. காற்றை அளக்கும் உணரி அழுக்கேறியிருக்கலாம். எரிபொருட் பம்பி தளர்ந்திருக்கலாம். காசுக்குப் பெறாத றப்பர்க் குழாயொன்று வெடித்துக் கள்ளக் காற்று புகலாம். எண்ணைக் கண்டவுடன் விலையுயர்ந்த உணரியை மாற்றுபவர் வாடிக்கையாளரின் பணத்தைக் கரைக்கிறார். வண்டி மறுவாரமே திரும்பி வரும். எஞ்சின் எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதைக் கற்றவரோ முதலில் அந்தக் குழாயை நெரித்துப் பார்ப்பார். குறியீடு விசாரணையின் தொடக்கம்; தீர்ப்பன்று.

இவ்வாறாக, எஞ்சினை மட்டும் அறிந்தவரும் மின்சாரத்தை மட்டும் அறிந்தவரும் தனித்தனியே தடுமாறும் நிலை வந்தது. ஒருவர் பழுது கம்பியில் என்பார்; மற்றவர் எஞ்சினில் என்பார். 2003இல் ஜேர்மனி மெக்கானிக் தொழிலையும் மின்தொழிலையும் மீண்டும் ஒன்றாக்கி, மெக்கற்றொனிக்கர் என்ற புதுப் பெயரில் மூன்றரை ஆண்டுப் பயிற்சியை வகுத்தது. சுற்றுவரைபடம் வாசித்தலும், அலைகாட்டியிற் சமிக்ஞையின் வடிவத்தைக் கண்டறிதலும் அரத்துக்குச் சமமான பாடங்களாயின. அரம் பிடிக்கும் மணிகள் குறைந்ததையிட்டு வருந்திய மூத்த கைவினைஞர்களும் உளர். அவர்கள் வருத்தம் நியாயமற்றதன்று; அளவுணர்ச்சி கைக்கு வந்த பின்னரே கண்ணுக்கு வருகிறது.

2013இல் அப்பயிற்சியில் உயர்மின்னழுத்தத் தொழில்நுட்பம் என்னும் தனிப்பிரிவு சேர்ந்தது. ரொயோட்டா பிரியஸ் 1997இல் யப்பானில் விற்பனைக்கு வந்தபோதே அதன் தேவை பிறந்துவிட்டது. பழைய காரின் பற்றறி 12 வோல்ற்; கையில் பட்டாலும் அதனால் மின்னதிர்ச்சி இல்லை. பிரியஸ் பற்றறியோ 200 வோல்ற்றுக்கு மேற்பட்டது, உயிரைப் பறிக்கவல்லது. இலங்கையிலும் 2010ஆம் ஆண்டின் பின்னர் இத்தகைய வண்டிகள் பெருந்தொகையாக வந்திறங்கின. பெற்றோல் எஞ்சினோடு வளர்ந்த தெருவோரக் கராஜ்களின் வாசலிலும் அவை வந்து நின்றன. குருவைப் பார்த்துப் பார்த்துக் கற்ற பையன் எந்தப் பழுதுக்கும் கையைத் துணிந்து உள்ளே விடுவான். அவன் முதலில் மறக்கவேண்டிய பழக்கம் அதுவே.

செம்மஞ்சள் நிறக் கம்பியைத் தொடுமுன், பயிற்சிபெற்றவர் இணைப்பைத் துண்டிக்கிறார். வேறொருவர் மீண்டும் இணைத்துவிடாதபடி துண்டிப்புச் செருகியைத் தம்மோடு வைத்துக்கொள்கிறார். மின்தேக்கிகளில் எஞ்சிய மின் வடியும்வரை, தயாரிப்பாளர் குறித்த நிமிடங்கள் காத்திருக்கிறார். பின்பு றப்பர்க் கையுறையுடன் மானியை எடுத்து, மின் உள்ளதென்று நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் அதனை வைத்துப் பார்க்கிறார். அதன்பின் வண்டியில் அளக்கிறார். முள் பூச்சியத்தில் நின்றாலும் அவர் நம்புவதில்லை. முதலில் அளந்த இடத்துக்கே மானியை மறுபடியும் கொண்டுபோய், அது இன்னும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கம்பியில் கை வைக்கிறார்.